திருக்கோணமலை வீழ்ந்திருப்பின்?

1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருக்கோணமலைத் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தன. அன்று நாகுமோவின் கடற்படை குண்டுவீச்சோடு நில்லாது துறைமுகத்தையும் கைப்பற்றியிருப்பின், போரின் போக்கே மாறியிருக்கும் என வாதிடுவோர் உளர். அவ்வாதம் ஆராயற்பாலது.

வாதம் முற்றும் ஆதாரமற்றதன்று. சிங்கப்பூர் அவ்வாண்டு பெப்ரவரி 15இல் வீழ்ந்தது. மார்ச்சில் அந்தமான் யப்பானியர் வசமாயிற்று. ஏப்பிரல் 5இல் கொழும்பு தாக்குண்டது. 9ஆம் நாள் மட்டக்களப்புக் கடலில் ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. பிரித்தானியக் கீழைக் கடற்படையின் பெரும்பகுதி கிழக்காபிரிக்கக் கரைக்குப் பின்வாங்கியது.

ஆயினும், கடலை வெல்லுதல் வேறு. கரையைக் கொள்ளுதல் வேறு. நாகுமோ இலங்கையைத் தாக்க வந்தாரேயன்றி, அதிற் படையிறக்க வந்தாரல்லர். இலங்கையைக் கைப்பற்றும் எண்ணம் யப்பானியக் கடற்படையினருக்கு இருந்தது. அதற்கு வேண்டிய படைப்பிரிவுகளை அளிக்கத் தரைப்படையினர் இசைந்திலர். எனவே ‘நாகுமோ இறங்கியிருப்பின்’ என்பது பொருளற்ற வினா. ‘தோக்கியோ இசைந்திருப்பின்’ என்பதே ஆராயத் தக்கது.

இறங்கியிருந்தாலும் விளைவு யாதாகும்? இதற்குக் கற்பனை வேண்டா. 1782 சான்று பகரும். அவ்வாண்டு சனவரியில் ஆங்கிலத் தளபதி ஹியூஸ் ஒல்லாந்தரிடமிருந்து இத்துறைமுகத்தைக் கைப்பற்றினார். ஓகஸ்ட் இறுதியிற் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் அதனைப் பறித்துக்கொண்டார். செப்டெம்பர் 2இல் ஹியூஸ் துணைக்கு வந்து சேர்ந்தபோது கோட்டைகள் கைமாறிவிட்டன. மறுநாள் நிகழ்ந்த கடற்போரும் முடிவின்றிக் கழிந்தது. ‘சில நாள் முந்தியிருப்பின்’ என இரங்குதற்கு இதனினும் தக்க இடம் வேறில்லை. ஆனால், பின் நிகழ்ந்தது யாது? வென்ற சுஃப்ரனே அவ்வாண்டின் வாடைக்காலத்தைச் சுமாத்திராவின் அச்சேயிற் கழித்தார். 1784ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி திருக்கோணமலை ஒல்லாந்தருக்கே மீண்டது. அவர்கள் இழந்தது நாகபட்டினம். துறைமுகத்தை வென்றவருக்கு அது நிலைக்கவில்லை. அதன் உரிமையை உடன்படிக்கை மேசையே தீர்த்தது.

வாதிடுவோரின் பெருங்குறை பிறிதொன்று. அவர் இக்கரையைக் கடலினின்றே நோக்குகின்றனர். கப்பல்களை எண்ணுவர், ஊர்களை எண்ணார். துறைமுகத்துக்கு வடக்கே திரியாயிலுள்ள பழைய வடமொழிச் சாசனம் காத்து நிற்பது வணிகரின் பெயரை. வெற்றி வேந்தரின் பெயரையன்று. 1942இல் கொழும்பினின்றும் சென்னையினின்றும் அஞ்சி வெளியேறிய மக்களும் இவ்வாதத்தில் இடம்பெறுவதில்லை. எவர் வென்றிருப்பர் என வினவுவோர், எவர் என்னாகியிருப்பர் என்றும் வினவுதல் வேண்டும். அவ்வினா எழாதவரை, வரலாறு சதுரங்கமாகவே எஞ்சும்.