பூமைத் தாங்கும் கயிறு: கழற்றிவிடலாமா?

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறும் பக்தரின் காவடித் தண்டை நடுவில் தோள் தாங்குகிறது; இருபுறச் சுமையும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகிறது. பாய்மரப் படகின் பூமுக்கு அந்த வாய்ப்பு இல்லை. பெரும்பாயின் அடிவிளிம்பைப் பிடித்திருக்கும் இந்தத் தண்டின் ஒரு முனை பாய்மரத்தோடு கீலால் இணைந்திருக்கிறது. மறுமுனை அந்தரத்தில் நிற்கிறது. பாய் விரிந்திருக்கும்வரை அதன் பின்விளிம்பே பூமைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். பாயைச் சுருக்கவோ இறக்கவோ, அதை ஏற்றிப் பிடித்திருக்கும் ஆஞ்சான் கயிற்றைத் தளர்த்திய மறுகணம் அந்தப் பிடி போய்விடும். வேறு தாங்கல் இல்லையென்றால், பூம் கீழே நிற்பவர் தலையில்தான் இறங்கும். அதைத் தடுக்கப் பாய்மரத்தின் உச்சியிலிருந்து பூமின் நுனிக்கு வரும் கயிறுதான் டாப்பிங் லிஃப்ட். பூமுக்கு அடியில் சாய்வாகப் பொருத்தும் ரிஜிட் வாங் என்னும் சுருள்வில் அல்லது வாயுத் தண்டு வந்தபின், பலர் அந்தக் கயிற்றைக் கழற்றிவிடுகிறார்கள். நெடும்பயணப் படகில் இது தவறு என்பதே என் கருத்து.

ரிஜிட் வாங்கின் சிறப்புகளைக் குறைத்துச் சொல்லத் தேவையில்லை. காற்று பின்னாலிருந்து வீசும்போது பூம் மேலெழும்பாமல் இழுத்துப் பிடிப்பதும், பாய் இறங்கும்போது கீழே விழாமல் முட்டுக்கொடுப்பதும் அந்த ஒரே கருவிதான். பாயில் உரச ஒன்றுமில்லை. யாரும் நினைவுவைத்து இறுக்க வேண்டியதும் இல்லை. ஆனால் அது தாங்கும் இடம் கீலுக்கு மிக அருகில் இருக்கிறது, குறை அங்கேதான். 4 மீட்டர் பூமில், கீலிலிருந்து 1 மீட்டர் தள்ளி, 45 பாகைச் சாய்வில் வாங் பொருந்தியிருப்பதாகக் கொள்வோம். பாயைக் கட்டிக்கொண்டிருக்கும் 80 கிலோ மனிதர், படகு உருளும்போது பூமின் நுனியில் முழு எடையையும் போட்டுவிட்டால், வாங்கின் மீது ஏறக்குறைய 450 கிலோ அமுக்கம் ஏறும். அதே எடைக்கு, 12 மீட்டர் உயரத்திலிருந்து நுனிக்கு வரும் கயிற்றில் சுமார் 84 கிலோ இழுவிசைதான் வரும். 8 மில்லிமீட்டர் பாலியஸ்டர் கயிறு ஒரு டன்னுக்கு மேல் தாங்கக்கூடியது. வாங்கின் அமுக்கமோ கடைசியில் பூமில் ரிவெட் அடித்த ஒரு சிறு தகட்டில் போய் நிற்கிறது. அலுமினியப் பூமும் துருப்பிடிக்காத எஃகு ரிவெட்டும் உப்புநீரில் நனையும்போது அலுமினியம் அரிக்கப்படும். சென்னைத் துறைமுகத்தின் உப்புக்காற்றில் நிற்கும் படகுக்கு இது ஏட்டளவிலான அச்சம் அல்ல.

டாப்பிங் லிஃப்டை எதிர்ப்பவர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு. தளர்ந்த கயிறு பாயின் பின்விளிம்பில் அடித்து அடித்துத் தையலைத் தேய்க்கிறது. இறுக்கியதை மறந்துவிட்டால் பூம் தூக்கிக்கொண்டு நிற்கும். பாயின் மேல்பகுதி விரிந்து காற்றை நழுவவிடும். ஆனால் இவற்றில் பெரும்பங்கு கயிற்றின் குற்றம் அல்ல, அதை அமைத்த விதத்தின் குற்றம். இரு முனையிலும் ஷாக்கிள் போட்டு, நீளத்தை மாற்ற முடியாத கம்பிவடமாகக் கட்டினால் அது எப்போதும் ஒன்று அதிகம் இறுகியிருக்கும், அல்லது அதிகம் தளர்ந்திருக்கும். உச்சிக் கப்பி வழியாக வந்து காக்பிட்டிலிருந்தே சரிசெய்யக்கூடிய கயிறாக அமைத்து, பூமின் நுனியருகே ஒரு மீள்நாடாவால் தொய்வை உள்ளிழுத்துக் கட்டினால் உராய்வு வெகுவாகக் குறையும். பாயின் மேல்விளிம்பிலும் ஒரு தண்டு கொண்ட பழைய காஃப் பாய்ப் படகுகளில் பூமின் இருபுறமும் ஒவ்வொரு கயிறு இருக்கும். காற்று தள்ளும் பக்கத்துக் கயிற்றைத் தளர்த்திவிடுவார்கள். பாயில் உரசக் கூடாது என்ற அக்கறையில் பிறந்த பழக்கம் அது. இதற்கு நேர்மாறாக, பின்தாங்கு கம்பியிலிருந்து ஒரு சிறு துண்டுக் கம்பியைத் தொங்கவிட்டு அதில் பூமைக் கொக்கி மாட்டும் வழக்கம் கைவிடப்பட வேண்டியது. கொக்கியைக் கழற்ற மறந்து பாயேற்றினால், பூமை வெளியே விட முடியாது. திடீர்க் காற்றில் படகு சாய்வதைத் தடுக்கவும் வழியிருக்காது.

“இன்றைய வாங்குகள் உறுதியானவை, இரண்டு தாங்கல் எதற்கு?” என்று கேட்கலாம். வாரயிறுதியில் கரையோரம் ஓட்டித் திரும்புபவருக்கு அந்தக் கேள்வி பொருந்தும்; நெடும்பயணத்தில் நிலைமை வேறு. கடற்படை அதிகாரிகளான புதுச்சேரியின் ரூபாவும் கேரளத்தின் தில்னாவும் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து 56 அடி ‘தாரிணி’ பாய்மரப் படகில் புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்கள். படகில் இருவரே என்றால், ஒருவர் உறங்கும்போது பாயைச் சுருக்கும் வேலை மற்றவர் தலையில்தான். முன்னாள் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, உலகைச் சுற்றும் 2022–23 கோல்டன் குளோப் படகுப் போட்டியில் 236 நாள் தனியே ஓட்டி இரண்டாம் இடம் பிடித்தார். அத்தகைய பயணத்தில் வாயு கசிந்த தண்டுக்கு நடுக்கடலில் மாற்று கிடைக்காது. கயிற்றுக்குப் பதில் படகிலுள்ள இன்னொரு கயிறு போதும். ஆஞ்சான் அறுந்தால் அதற்கு மாற்றாகப் பாயேற்றவும் போதிய வலுவுள்ள டாப்பிங் லிஃப்ட் உதவும்.

ஆக, வாங் இருக்கட்டும். கயிறும் இருக்க வேண்டும். ஆனால் அவற்றை இயக்கும் வரிசை தவறினால் இரண்டும் பயன்படாது. பாயைச் சுருக்குமுன் வாங்கையும், பூமை உள்ளிழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றையும் தளர்த்தி, டாப்பிங் லிஃப்டை இறுக்கிப் பூமின் நுனி சற்றே உயர்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதன்பின்பே ஆஞ்சானை இறக்க வேண்டும். சுருக்கிக் கட்டி, பாயை மீண்டும் இறுக ஏற்றியபின், டாப்பிங் லிஃப்டைத் தளர்த்திவிட்டுத்தான் மற்றவற்றை இழுக்க வேண்டும். வடகிழக்குப் பருவக்காற்று தொடங்குமுன், படகு வைத்திருப்பவர்கள் பாய்மர உச்சிக்கு ஒருவரை ஏற்றி அந்தக் கப்பியையும் கயிற்றின் தேய்வையும் பார்த்துவிடுங்கள்; வாங்கின் ரிவெட்டுகளையும் அன்றே சோதித்துவிடுங்கள்.