அய்யங்காரை ஆளாக்கியது அடியா?

பி.கே.எஸ். அய்யங்காரைப் பற்றி எழுதுகிற பலரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள்: நோஞ்சான் பையன், கண்டிப்பான குரு, உலகப் புகழ். அடித்து வளர்த்ததால்தான் ஆளானார் என்று முடித்துவிடுவார்கள். எனக்கு இது ஒத்துவரவில்லை.

1918இல் கர்நாடகத்து பெல்லூரில் பிறந்தவர். மலேரியா, டைஃபாய்டு, காசநோய் எல்லாம் பார்த்த உடம்பு. 1934இல் மைசூருக்கு, அக்கா கணவர் கிருஷ்ணமாச்சாரியார் வீட்டுக்குப் போனார். அங்கே முறையாகக் கற்றது கொஞ்சம்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். 1937இல், 18 வயதில், புனேவுக்கு வாத்தியாராக அனுப்பிவிட்டார்கள். மராத்தி தெரியாது, மாணவர்களோ இவரைவிடத் திடகாத்திரமானவர்கள்.

சொல்லிக்கொடுத்தே ஆகவேண்டிய கட்டாயத்தில், தன் உடம்பையே சோதித்துக் கற்றார். 1966இல் வந்த 'லைட் ஆன் யோகா'வைப் புரட்டிப் பாருங்கள். கை எங்கே, கால் எங்கே என்று ஒவ்வொரு ஆசனத்தையும் படிப்படியாகப் பிரித்து, படத்தோடு விளக்கியிருக்கிறார். சந்தேகம் கேட்க ஆளில்லாமல் தவித்த ஒருவரால்தான் இப்படி எழுத முடியும்.

ஆக, அவரை உருவாக்கியது அடி இல்லை; புனேயில் தனியாகத் திண்டாடிய வருஷங்கள். மைசூர்க் கண்டிப்பு வேறு இடத்தில் தெரிகிறது: அவருடைய வகுப்புகளில் மாணவர்கள் மேல் விழுந்த அடியில். அதையும் குருபக்தி என்று மெச்சிக்கொண்டிருப்பது சரியா?