தோய்ச்சலின் நிறம்

பட்டுக்குப் பேர்போன காஞ்சியில் இரும்பைப் பற்றிப் பேச எனக்குத் துணை ஔவையார். மன்னன் அதியமானுக்காகக் காஞ்சி மன்னன் தொண்டைமானிடம் தூது வந்தவர் அவர். தொண்டைமானின் வேல்கள் பீலி சூடி, நெய் பூசி அழகாக இருந்தன. அதியமானின் வேல்களோ நுனி சிதைந்து கொல்லனின் பட்டறையில் கிடந்தன என்கிறது புறநானூற்றின் 95ஆம் பாடல். எனக்கு அந்தப் பட்டறைதான் பிடிக்கிறது.

இன்றைய அரிவாள் பெரும்பாலும் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையிலிருந்து பிறக்கிறது. காய்ச்சி, சம்மட்டியால் அடித்து வடிவம் கொண்டுவருவது பாதி வேலை. மீதி, தோய்ச்சல். வாய்ப்பகுதியைச் செக்கச்செவேலென, ஏறக்குறைய 800 டிகிரி செல்சியஸுக்குக் காய்ச்சிச் சட்டென்று தண்ணீரில் முக்குவார்கள். இரும்பு இறுகிவிடும், ஆனால் கண்ணாடி போல உடையும். அதனால் மறுபடி மெல்லச் சூடேற்ற வேண்டும். தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் நிறம் ஊர்ந்து வரும்: சுமார் 220 டிகிரியில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, 300ஐ நெருங்கும்போது நீலம். காய் நறுக்கும் கத்தியை மஞ்சளிலேயே நிறுத்தலாம். விறகு வெட்டும் அரிவாளை ஊதாவரை விட்டால் அடி தாங்கும். நிறுத்தும் கணத்தைக் கண்தான் சொல்கிறது. பட்டறைகள் அரையிருட்டாக இருப்பது, காய்ச்சும்போது இரும்பின் சிவப்பைக் கணிக்க உதவுகிறது. வெயிலில் நெருப்பின் சிவப்பு ஏமாற்றும்.

இரும்பின் சூட்சுமத்தைத் தேடியது பட்டறை மட்டுமல்ல. 1819இல் லண்டனில் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேவும் இந்திய உருக்கை ஆராய்ந்தார்.

எங்கள் வீட்டு அரிவாள்மனையின் வாய், சாணை பிடித்துப் பிடித்து ஒரு விரல் அகலம் தேய்ந்துவிட்டது. வாழைப்பூ இன்னும் அதில்தான் நறுக்குகிறோம்.