மூஞ்சூற்றின் காதில் தொடங்கும் வரைபடம்

பொறியில் விழுந்த மூஞ்சூற்றை மயக்கி, காதுமடலை விரித்து லென்ஸ் வழியே பார்த்தால், மிளகாய்ப்பொடி சிந்தியதுபோல ஆரஞ்சுச் சிவப்பில் புள்ளிகள் மொய்த்துக் கிடக்கும். இரை எடுக்காதபோது ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டர்கூட இராது, கால்கள் ஆறு. இவைதாம் சிகர்கள், அதாவது சிற்றுண்ணிகளின் லார்வாக்கள். ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலைப் பரப்புபவை இவற்றில் சில இனங்கள். அதை ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று நாளிதழ்கள் எழுதுவதால் நம்மவர்கள் நாய் மேலும் மாட்டின் மேலும் உண்ணி தேடுகிறார்கள். அது வேறு கூட்டம். செய்திப் பெயர் தடுமாறுவது கிடக்கட்டும். அறிவியல் பெயர்களையும் பரவல் வரைபடங்களையும் எவ்வளவு நம்பலாம் என்பதுதான் என் கேள்வி.

சிகர் வகைப்பாட்டின் அடித்தளமே விசித்திரமானது. லார்வாப் பருவம் மட்டுமே விலங்கை ஒட்டி வாழும். வளர்ந்தவை மண்ணுக்குள் பூச்சி முட்டைகளைத் தின்று திரியும். ஆகவே, விவரிக்கப்பட்ட 3000க்கும் மேற்பட்ட இனங்களில் பெரும்பாலானவை லார்வாவை மட்டும் பார்த்துப் பெயர் சூட்டப்பட்டவை. கைக்குழந்தைகளின் படங்களை வைத்து வாக்காளர் பட்டியல் தயாரிப்பது போன்ற வேலை.

அதிலும் தீர்ப்புச் சொல்வது முதுகின் முன்புறமுள்ள ஸ்குட்டம் என்ற சிறு தகடுதான். ஹோயர் திரவத்தில் உடல் கண்ணாடியாகத் தெளிந்ததும் அது துலங்கும். லெப்டோட்ராம்பிடியம் பேரினத்தில் அத்தகட்டில் ஐந்து மயிர்கள், கூடவே நூலாய் நீண்ட ஒரு சோடி உணர்மயிர்கள். ஷோன்காஸ்டியெல்லாவில் அந்தச் சோடி கதாயுதம்போல் பருத்திருக்கும். பேரினம் வரை இந்த முறையில் குறை காண எனக்கு எதுவுமில்லை. வார்ட்டனும் ஃபுல்லரும் 1952இல் வெளியிட்ட கையேட்டின் வழி இன்றும் ஆய்வுமேசையில் செல்லுபடியாகிறது.

இனம் என்று வரும்போதுதான் தரை வழுக்குகிறது. சுமத்ராவின் டெலி பகுதியிலிருந்து 1922இல் விவரிக்கப்பட்டது லெ. டெலியென்ஸ். மணிப்பூர்த் தலைநகரின் பெயர் தாங்கியது லெ. இம்பாலம். இத்தகைய நெருங்கிய உறவினங்களைப் பிரிப்பவை சில மைக்ரான் அளவு வேறுபாடுகளும் மயிர்களின் எண்ணிக்கையும். கவர் கண்ணாடியைச் சற்று அழுத்தினாலே அளவு மாறும். எது இன வேறுபாடு, எது ஊருக்கு ஊர் இயல்பாக வரும் மாற்றம் என்று ஸ்லைடு சொல்லாது. போதாததற்கு, வழக்கமான முறையில் ஸ்லைடு ஏறிய சிகரில் ஓரியென்ஷியா என்ற ஸ்க்ரப் டைபஸ் கிருமியின் மரபணுவைத் தேடுவது கடினம். கிருமி தேட அரைத்த சிகருக்கு முகமே இல்லை. ‘இந்த இனத்தில் ஓரியென்ஷியா இருந்தது’ என்று படிக்கும்போது, பல வேளைகளில் அது அதே எலியில் பக்கத்தில் ஒட்டியிருந்தவற்றை வைத்துச் செய்த ஊகம். உடலைத் தெளிவாக்காமலே அதன் இயல்பான ஒளிர்வில் படமெடுத்து, அதே சிகரிலிருந்து டிஎன்ஏ பிரிக்கும் முறை இப்போது வந்திருக்கிறது. தாமதம்தான், ஆனால் சரியான திருத்தம்.

பரவலுக்கு வருவோம். புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் பொறிவைத்துச் செய்த கணக்கெடுப்பில் டெலியென்ஸே மேலோங்கி நின்றது. அதை நம்புகிறேன். ஆனால் பதிவுகளை ‘எந்த விலங்கில் எந்த இனம்’ என்ற அட்டவணையாக அடுக்கும் பழக்கம் நம்மை ஏமாற்றுகிறது. இந்தச் சிகர்கள் ஆள் பார்த்து ஏறுவதில்லை; இடம் பார்த்து வாழ்கின்றன. மலாயாவில் உழைத்த ரால்ஃப் ஆடி இவற்றை மண்ணில் திட்டுத்திட்டாகக் கிடக்கும் தீவுகளாகவே கண்டார். சிகர் தன் ஆயுளில் நகர்வது சில மீட்டர். தூக்கிச் சுமப்பது எலியும் மூஞ்சூறும். அப்படியிருக்க, தேங்காய்ச் சில்லு வைத்த பொறியை வீட்டோரம் வைத்தால் மூஞ்சூறு விழும், பட்டியலில் மூஞ்சூறு முதலிடம் பிடிக்கும். சிகர் ஏறிய புதர் எங்கே என்று பட்டியலுக்குத் தெரியாது.

இன்னும் மோசம் சிகர் குறியீடு. மொத்தச் சிகர்களை விலங்குகளின் எண்ணிக்கையால் வகுத்து, 0.69ஐத் தாண்டினால் ஆபத்து என்கிறார்கள். பத்து எலிகளில் ஒன்றில் மட்டும் நாற்பது சிகர்கள் இருந்தாலும் குறியீடு 4. ஒவ்வொன்றிலும் நான்கு இருந்தாலும் 4. இரண்டும் ஒரே ஊரின் கதையா? நோய் பரப்பாத இனங்களையும் சேர்த்தே கூட்டினால் எண் இன்னும் பொருளிழக்கும். எளிதாகக் கணக்கிடலாம் என்பதைத் தவிர அதன் சார்பில் சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

என் தீர்ப்பு இது: பேரினம் வரையிலான வகைப்பாட்டை ஏற்கலாம். லெப்டோட்ராம்பிடியத்தின் நெருங்கிய இனங்களை, படமும் டிஎன்ஏவும் ஒரே சிகரிலிருந்து வராதவரை, தற்காலிகப் பெயராகவே கொள்ள வேண்டும். குறியீட்டைத் தனியாக வைத்து மருந்து தெளிக்க முடிவெடுக்கக் கூடாது. எத்தனை விலங்குகளில் எந்த இனம் என்ற விவரம் பக்கத்தில் நிற்க வேண்டும். பரவல் வரைபடத்தில் புள்ளி இருக்கும் இடத்தை நம்பலாம், வெற்றிடத்தை நம்ப முடியாது. தமிழ்நாட்டில் காய்ச்சல் ஏறுவது மழை தொடங்கிக் குளிர் முடியும்வரையான மாதங்களில். சித்திரை வெயிலில் பொறிவைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியவரின் ஊரும் அதே வெள்ளை நிறத்தில்தான் இருக்கிறது.