வயசைக் கேட்காதீங்க, கையைப் பாருங்க

ரக்பி பந்து வாங்கப் போனா முதல் கேள்வியே வயசுதான். 6 முதல் 9 வரை 3ஆம் அளவு, 10 முதல் 14 வரை 4ஆம் அளவு, அதுக்கு மேல 5ஆம் அளவு. வசதியான அட்டவணைதான். ஆனால் பந்தைப் பிடிப்பது பிறந்த தேதி இல்லை, கை.

உலக ரக்பி விதிப்படி பந்தின் எடை 410–460 கிராம்; நடுவில் சுற்றளவு 580–620 மில்லிமீட்டர். எனக்கு இந்தச் சுற்றளவுதான் முக்கியமாப் படுது. கையால் முன்பக்கம் வீசக்கூடாத ஆட்டம் இது. பக்கவாட்டில் தூரமா அனுப்பணும்னா பந்தைச் சுழற்றி எறியணும். விரல்கள் சரியாப் படியலைன்னா சுழற்சி வராது, பந்து தள்ளாடும். அப்புறம் அந்தப் பிள்ளை பந்தை நெஞ்சோடு அணைச்சுக்கிட்டு ஓட மட்டுமே பழகும். நாமும் ‘இவனுக்கு வீச வராது’ன்னு முடிவு கட்டிடுவோம்.

பெரியவர்கள் விஷயத்திலும் இதே கதை. கூடைப்பந்தில் ஆண்களுக்கு 7ஆம் அளவு, பெண்களுக்கு 6ஆம் அளவு. ரக்பியின் விதிப் புத்தகமோ வளர்ந்த எல்லாருக்கும் ஒரே அளவைத்தான் சொல்லுது. பல வருஷம் 5ஆம் அளவில் பழகிய வீராங்கனைகள் மாற்றத்தை விரும்பாமல் போகலாம். அது நியாயமான தயக்கம். ஆனால் ‘சின்னப் பந்துன்னா மட்டமான ஆட்டம்’ என்ற வாதத்தை நான் ஏற்கமாட்டேன். கூடைப்பந்தை யாரும் அப்படிச் சொல்றதில்லையே!

வாங்கும் முன் ஆடப்போறவர் கையில் பந்தைக் கொடுத்து, நாலு தடவை வீசச் சொல்லுங்க. அட்டவணையை அப்புறம் பார்க்கலாம்.