மண்டபத்துக்குள் வந்த மோளம்

1938 ஜனவரி 16 இரவு நியூயார்க் கார்னகி ஹாலில் பென்னி குட்மன் குழு வாசித்தது. அன்றுதான் ஜாஸுக்கு மரியாதை வந்தது என்கின்றன இசை வரலாறுகள். திருவண்ணாமலையில் கோபுரத்தைப் பார்த்தே வளர்ந்த எனக்கு இது ஆலயப் பிரவேசக் கதையாகத்தான் படுகிறது. மறு வருஷம், 1939 ஜூலையில், மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நம்ம ஆளுங்க போனாங்க. வரலாற்றில் பெரிசா நிற்பது அழைத்துப்போன வைத்தியநாத அய்யர் பெயர். கார்னகியிலும் அதே கதை. குட்மன் வெள்ளையர். 1912 மே 2இலேயே ஜேம்ஸ் ரீஸ் யூரோப் தலைமையில் நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பினக் கலைஞர்கள் அதே மேடையில் வாசித்துவிட்டார்கள். அதை யார் கொண்டாடுகிறார்கள்?

ஆனாலும் 1950இல் இசைத்தட்டாக வந்த அந்தக் குட்மன் பதிவை நான் விடாமல் கேட்கிறேன். வரலாறு மறைப்பதைப் பதிவு காட்டிக்கொடுத்துவிடுகிறது. கவுண்ட் பேஸி, லெஸ்டர் யங், ஜானி ஹாட்ஜஸ் எல்லாம் அதில் விருந்தாளிகள். அவர்கள் வாசிக்கத் தொடங்கியதும் இந்த இசை யார் வீட்டுப் பிள்ளை என்று காது சொல்லிவிடும்.

அதைவிட எனக்குப் பிடித்தது 1940 நவம்பர் 7இல் ஃபார்கோ நகரில் ட்யூக் எலிங்டன் குழு வாசித்த இரவு. அது சபா இல்லை, நடனக் கூடம். ஜாக் டவர்ஸ், டிக் பரிஸ் என்ற இரண்டு இளைஞர்கள் தட்டு வெட்டும் கருவியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிந்தார்கள். அன்றைய ஸ்டூடியோத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிஷம்தான். இங்கே அந்த அவசரம் இல்லை. ‘ஸ்டார் டஸ்ட்’டில் பென் வெப்ஸ்டரின் சாக்ஸஃபோன் பாதி சுரம், பாதி மூச்சு. பின்னால் ஜனங்களின் பேச்சுச் சத்தம். 1978இல்தான் இது முறையாக வெளிவந்தது.

இதே எலிங்டன் 1927 முதல் வாசித்த காட்டன் கிளப்பில் கறுப்பர்கள் வாசிக்கலாம், உட்கார்ந்து ரசிக்க முடியாது. இது நமக்குத் தெரியாத நியாயமா? ‘இசையை இசையா மட்டும் கேளு’ என்று சொல்பவர்களுக்கு இதுதான் என் பதில். இதெல்லாம் தெரிந்து கேட்டால் ரசனை குறையாது, கூடும்.

கட்டாய மோளத்தை விட்டொழித்தது நம் போராட்டம். இன்று பறை மேடையேறியதும் சரிதான். ஆனால் சேரியில் விடிய விடிய அடிச்ச பெரியவங்களோட கைவரிசை? ஃபார்கோ இரவில் யார் எந்த வாத்தியம் வாசித்தார் என்று பேர் பேராகச் சொல்லலாம். நம்ம ஊரு வாசிப்புக்கு அப்படி ஒரு பேர்ப் பட்டியல் எங்கே இருக்கு? தோழர்களே, கையில் செல்போன் இருக்கு. அவங்ககிட்ட கேட்டுக்கிட்டு, முழுசாப் பதிவு பண்ணுங்க. பேர், ஊர், தேதி எழுதிவைங்க.