மெய்நிகர் கணினியில் லினக்ஸ்: வரைகலை இயக்கி பற்றிய விமர்சனம்

ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர் வட்டாரத்தில் காலணி வடிவமைப்பு பயிலும் மாணவருக்கு பிளெண்டர் பயனுள்ள கட்டற்ற மென்பொருள். விண்டோஸை நீக்காமல் லினக்ஸைப் பழக எளிய வழி விர்ச்சுவல்பாக்ஸ். ஆனால் அதில் ஒரு காலணி மாதிரியைச் சுழற்றினால் திரை திணறும். உடனே பழி லினக்ஸின் மேல் விழுகிறது.

மெய்நிகர் கணினிக்குள் இயங்கும் லினக்ஸ், மடிக்கணினியின் வரைகலை அட்டையைக் காண்பதில்லை. மென்பொருளால் ஆன போலி அட்டையையே காண்கிறது. எனவே உள்ளே என்விடியா இயக்கியை நிறுவுவது வீண் வேலை. 2018இல் வெளியான விர்ச்சுவல்பாக்ஸ் 6.0 முதல் லினக்ஸுக்கு விஎம்எஸ்விஜிஏ என்ற போலி அட்டை இயல்பாக அமைகிறது. அதற்கான இயக்கி லினக்ஸ் கருநிரலிலேயே உண்டு. ஆயினும் முப்பரிமாண முடுக்கம் அணைக்கப்பட்டே வருகிறது. அந்நிலையில் மீசாவின் எல்எல்விஎம்பைப், வரையும் வேலை முழுவதையும் மையச் செயலியின் மேல் சுமத்துகிறது.

பெரிய குறை, இது பயனருக்குத் தெரியாமல் நடப்பதுதான். லினக்ஸ் மிண்டின் சின்னமன் பணிச்சூழல் இதை எச்சரிக்கிறது. நோம் மௌனமாக இருக்கிறது. முடுக்கத்தை இயக்கினால் பணிச்சூழல் சீராகும். ஆனால் பிளெண்டர் 4.0 கேட்கும் ஓப்பன்ஜிஎல் 4.3ஐப் போலி அட்டை தரும் என்று நம்பி இருக்க முடியாது.

2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இரட்டைத் துவக்கமாக வந்தது. அங்கே லினக்ஸ் உண்மையான அட்டையுடனே பேசியது. நிரலாக்கம் பழக மெய்நிகர் கணினி போதும். முப்பரிமாண வேலைக்கு லினக்ஸை யுஎஸ்பியிலிருந்து நேரடியாகத் துவக்கிப் பார்த்தபின் தீர்ப்பளிப்பதே முறை.